முன்கூடத்துப் படம்

உலக வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்: என் சகலையின் தாத்தா படம் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் மாட்டப்படுவதற்கு முன், மாட்டப்பட்ட பின்.

படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதுவதுதான் அங்கே என் வேலை. சகலை சொல்லச் சொல்ல, ‘பழைய போரில் தனியாளாக மூன்று நாள் பாலத்தைக் காத்த மாவீரர்’ என்று எழுதினேன். வயிறு எரிந்தது. என் தாத்தாவும் அதே போருக்குப் போனவர்தான். ஆனால் எதிரியிடம் சரணடைந்து, அவர்களுக்கே சமைத்துப் போட்டவர். படம் மாட்டிய அன்று முதல் மாமனார் வீட்டில் சகலைக்குச் சாய்வு நாற்காலி, எனக்கு முக்காலி.

இந்த ஆண்டு புதிய போர் வந்தது. பழைய எதிரி இப்போது நமக்குக் கூட்டாளி. அவர்களைச் சுட்டவர்களின் படங்களை இறக்கி, அவர்களோடு பழகியவர்களின் படங்களை மாட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அரை மணி நேரத்தில் மாவீரரை இறக்கிவிட்டு என் தாத்தாவை மாட்டினேன்: ‘நட்புக்கு முதல் கரம் நீட்டியவர்.’

மறுநாள் காலை சகலை மூச்சிரைக்க வந்து நின்றார்.

“என்ன சகலை இது? எங்க தாத்தாவும் சரணடைஞ்சவருதான்!”

“மூணு நாள் பாலத்தைக் காத்தாரே?”

“அது போன உத்தரவுக்குச் சொன்னது. மொதல்ல கையைத் தூக்குனதே அவருதான். நம்பலைன்னா கைதிங்க பதிவேட்டை எடுத்துப் பாருங்க.”

தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன்.

அவர் தாத்தா என் தாத்தாவுக்கு ஒரு நாள் முன்பே சரணடைந்திருந்தார்.