ஜாய்ஸின் தலைவலி

நல்லவேளை, இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் ஒரு மனுஷன் குடலைக் கக்கும்போது சிரிக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வது?

இப்படி நினைத்துக்கொண்டு ஜாய்ஸ் சுக்கான் கட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொச்சியை விட்டு இது மூன்றாம் நாள். எந்தப் பக்கமும் கரை இல்லை. பின்னாலிருந்து காற்று தள்ள, பாய்மரப் படகு ஒவ்வொரு அலைக்கும் இடமும் வலமுமாகச் சாய்ந்து எழுந்தது. செஷல்ஸ் தீவுகளுக்கு இன்னும் இரண்டு வாரமாவது ஆகும். அவள் காலடியில் வின்சென்ட் வாளியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார். கடற்படையில் காலமெல்லாம் இருந்து ஓய்வு பெற்றவர்; இந்தப் பயணமே அவர் ஆசைதான். பெரிய கப்பலில் பழகிய வயிறு சின்னப் படகிலும் தாங்கும் என்று நம்பி, வாந்தி மாத்திரையை மனைவிக்கு மட்டும் வாங்கி வைத்திருந்தார். அதையெல்லாம் அவள் அவருக்கே கொடுத்துவிட்டாள். ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை.

"உனக்கு இன்னாதான் பண்ணுது? ஒண்ணுமே பண்லியா?"

"தேவிகாபுரம் பஸ்ஸுல பின்சீட்டுல குந்திகினு பசங்க நோட்டு திருத்துனவ நான். இதெல்லாம் ஒரு ஆட்டமா?"

அவர் சிரிக்கப் பார்த்து, வாளியில் குனிந்தார்.

அவர் லீவில் ஆரணிக்கு வந்த நாட்கள் அவளுக்கு நினைவு வந்தன. வந்த மறுநாளே சொந்தக்காரர் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போயாக வேண்டும். கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் எல்லோரும் கத்திப் பேசுவார்கள். அவருக்குச் சீக்கிரமே சலித்துவிடும். "ஜாய்ஸுக்குத் தலவலி" என்று எழுந்துவிடுவார். வீடு திரும்பினால் மாமியார் சகாயமேரி சுக்கை அரைத்து, இல்லாத தலைவலிக்கு நெற்றி நிறையப் பற்றுப் போடுவாள். கண் எரியும். கதவுக்குப் பின்னால் வின்சென்ட் சத்தமில்லாமல் சிரித்துக் குலுங்குவார். பிறகு பற்றோடேயே அவளைக் கூட்டிக்கொண்டு கமண்டல நாக நதியின் வெறும் மணலில் நடப்பார். வேகவைத்த வேர்க்கடலையை உரித்து உரித்துக் கொடுப்பார். உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு தலைவலி. அதை அவள் எவ்வளவு ஆசையாகச் சுமந்தாள்!

ஒருமுறை அவருக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. குடும்பத்தோடு இருக்க வீடும் தருவதாகச் சொன்னார்கள். அவள் பாத்திரங்களைக்கூட மூட்டை கட்டிவிட்டாள். அங்கிருக்கும் அதிகாரியோடு ஒத்துப்போகாது என்று தயங்கி, அவர் மாற்றலை வேண்டாம் என்றுவிட்டார். ஊரில் அவர் சொன்னது வேறு. "ஜாய்ஸு ஊர வுட்டு வரமாட்டேன்றா. தண்ணின்னா பயம் அவளுக்கு." அவள் மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் அடுக்கினாள். அவர் அதையே சொல்லிச் சொல்லி, தனக்கு நிஜமாகவே கடல் பயமோ என்று அவளே சில வருஷம் நம்பினாள்.

சாயங்காலம், மகன் ரெஜியோடு பேசும் நேரம். வின்சென்ட் சேட்டிலைட் போனை அவளிடம் நீட்டினார்.

"திரும்பிடலாம் ஜாய்ஸு. அவன்கிட்ட நீயே பேசு. தல சுத்துது, முடியல, நான்தான் திரும்பச் சொன்னேன்னு சொல்லு."

"நீங்க சொன்னா இன்னா?"

"கப்பக்காரன் வாந்தி எடுத்துகினு வந்துட்டான்னு ஆரணியே சிரிக்கும்."

கண்கள் உள்ளே போயிருந்தன. தாடியில் உப்புப் படிந்திருந்தது. முந்தானையை நனைத்து அவர் வாயைத் துடைத்தாள். பாவமாக இருந்தது, பிரியமாகவும் இருந்தது. போனை வாங்கி எண்ணை அழுத்தினாள்.

"அம்மா! எப்டிமா இருக்க? தல சுத்துதா?"

வின்சென்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இன்னாடா? நல்லாத்தான் கீறேன். பசி வேற எடுக்குது. இரு, அப்பா உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

போனை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். கைக்குள்ளிருந்து "அப்பா? அப்பா?" என்று ரெஜியின் குரல் மெல்லியதாக வந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய அலை படகைத் தூக்கியது. அதன் உச்சியில் ஒரு கணம், மேற்கே கடைசி வரை, ஆற்று மணல்போல, ஒருவரும் நடக்காத தண்ணீர் தெரிந்தது.