தலையணைமேல் சொட்டிய மழை

ஓய்வு பெற்ற மறுவாரமே தனக்குத் தானே கேப்டன் என்று பட்டம் சூட்டிக்கொண்ட மனிதரோடு ஒரு படகில் குடித்தனம் நடத்துவது என்ன பாடு என்பதை அவர் மனைவி டீச்சரிடம்தான் கேட்க வேண்டும். வேலையில் இருந்தவரை கேப்டன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிக் கொண்டுவந்த காகிதங்களில் கையெழுத்துப் போட்டவர். கடலைப் பார்த்ததெல்லாம் அலுவலகக் காலண்டரில். அப்படிப்பட்டவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஊரே கைகழுவிய ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, படகுத்துறையில் கட்டிப்போட்டு, மனைவியையும் அதில் கொண்டுவந்து இறக்கினார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். சம்மதித்தது ஆசையினால் அல்ல. இந்தக் கூத்து ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

கணக்கு பாதிதான் சரியாக வந்தது. மழை வந்தது, கூத்து முடியவில்லை. முதல் மழையிலேயே அவள் தலையணைமேல் சொட்டத் தொடங்கியது. கேபினுக்குள் இருந்த இரண்டு படுக்கைகளில் கேப்டனுடையது மட்டும் காய்ந்து கிடந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, கூரையை நிதானமாகப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இது மழைத்தண்ணி இல்ல. நீ விடற மூச்சு. மேல போய்க் குளிர்ந்து சொட்டுது."

"அப்ப நீங்க மூச்சே விடறதில்லையா?"

அவர் தன் காய்ந்த படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் சிலிக்கான் பசைக் குழாய் ஒன்றை வாங்கிவந்து, சன்னல் சட்டங்களைச் சுற்றிப் பிரஷ்ஷில் பற்பசை வைப்பதுபோல வைத்தார். விரலால் தேய்த்துவிட்டார். விரல் ரேகையும், தூசியும், எங்கிருந்தோ வந்த ஒரு ஈயும் அதில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அடுத்த மழையில் மறுபடி சொட்டியது. அவர் இன்னொரு குழாய் வாங்கினார்.

படகுத்துறை வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. ஒருபோதும் கட்டவிழ்க்காத படகுகளின் சொந்தக்காரர்கள் காலையில் அங்கே கூடுவார்கள். ஒருவர் பாய்மரம் கூரையைத் துளைத்து இறங்கும் இடம்தான் ஒழுகும் என்பார், இன்னொருவர் காற்றுப்போக்கியைக் குற்றம் சொல்வார். மூன்றாமவர் படகைக் கட்டியவனின் வம்சத்தையே திட்டுவார். கேப்டன் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அவற்றைத் தன் சொந்தக் கருத்தாக மனைவியிடம் கொண்டுவந்து கொட்டுவார். இத்தனை ஆண்பிள்ளைகளில் ஒருவருக்காவது ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று டீச்சர் உள்ளுக்குள் காறித் துப்பிக்கொண்டாள். வகுப்பில் கடைசி வரிசைப் பையன்கள்கூட விடை தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் நாத்தனார் ஒரு வாரம் தங்க வந்தாள். கேப்டனின் ஒரே தங்கை. அண்ணன் வாயிலிருந்து எது வந்தாலும் வேதம் அவளுக்கு. படகும் மூச்சுக்காற்றும் பற்றி அவர் விளக்கியதைக் கண்கொட்டாமல் கேட்டாள். டீச்சர் மரியாதையாகத் தன் படுக்கையை விருந்தாளிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள். விடியற்காலையில் ஒரு தூறல் போட்டது. நாத்தனாரின் காதுக்குள் நேராக ஒரு சொட்டு விழுந்தது. அவள் விடிந்ததும் காதைத் துடைத்துக்கொண்டே, "அண்ணி, மூச்சு இவ்வளவு ஜில்லுனா இருக்கும்?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியில் டீச்சருக்கு அவள்மேல் இருந்த பாதிக் கோபம் போய்விட்டது.

மழை விட்டதும், கேப்டன் டீக்கடைக்குப் போன கையோடு இருவரும் வேலையில் இறங்கினார்கள். படுக்கைக்கு மேலே இருந்த உள்கூரைப் பலகையைத் திருகாணி கழற்றி இறக்கினார்கள். பலகையின் பின்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. எல்லாவற்றையும் துணியால் ஒற்றிக் காயவைத்தார்கள். நாத்தனார் கையில் டார்ச்சோடு உள்ளே மல்லாந்து படுத்துக்கொண்டாள். டீச்சர் படகுத்துறைத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு மேலே ஏறி, அதைத் திறந்து கூரை முழுக்கப் பீய்ச்சினாள். உள்ளே சொட்டியது. ஆனால் எங்கே நுழைந்த தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? தானும் அவரைப்போலவே புத்தி கெட்டுப் போனோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மறுபடி எல்லாவற்றையும் காயவைத்தாள். இந்த முறை ஒரு நேரத்தில் ஒரு இடம், அதுவும் கீழிருந்து மேலாக. மேலே ஊற்றிய தண்ணீர் கீழே ஓடிவந்து பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது அல்லவா? முதலில் சன்னல்களின் கீழ்விளிம்பு. மெல்லிசாகத் தண்ணீரை விட்டுக் காத்திருந்தாள். உள்ளிருந்து, "காய்ஞ்சுதான் இருக்கு அண்ணி" என்று குரல் வந்தது. பிறகு மேல்விளிம்பு. அதுவும் காய்ந்திருந்தது. அவர் குழாய் குழாயாகப் பசையை அப்பிய சன்னல்கள் ஒருநாளும் ஒழுகியதே இல்லை. டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். காற்றுப்போக்கியும் ஒழுகவில்லை, பாய்மரத்தின் அடியும் ஒழுகவில்லை. டீக்கடை மேதைகள் வரிசையாகத் தோற்றுக்கொண்டே வந்தார்கள்.

மிஞ்சியது கூரையின் முன்பக்கம். அங்கே ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. பிரிவு உபசார விழாவில் அலுவலகத்தார் கொடுத்தது. கேப்டனின் முழுப் பெயரும், பதவியும், படிப்புப் பட்டமும் அதில் பொறித்திருந்தன. படகு வாங்கிய அன்றே அதைக் கூரையில் நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். படுக்கையிலிருந்து அது வெகுதூரம் என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. டீச்சர் அதன்மேல் தண்ணீரை விட்டாள். கொஞ்சநேரம் ஒன்றும் இல்லை. பிறகு நாத்தனார் மெதுவாக, "வருது அண்ணி" என்றாள்.

தகட்டைக் கழற்றியபோது திருகாணிகள் துருப்பிடித்து, ஈர மரத்தூளோடு வெளியே வந்தன. ஓட்டைகளில் பசை வைத்ததற்கான தடயமே இல்லை. கூரையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே இருந்த மரம் ஊறிப்போய் ரொட்டிபோல இருந்தது. படகு பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து நின்றதால், தகட்டில் இறங்கிய மழை மரத்துக்குள்ளேயே ஊர்ந்துபோய், விளக்குக் கம்பிக்காக விட்டிருந்த துளை வழியாக அவள் தலையணைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இத்தனை மாதமாகத் தன் முகத்தில் சொட்டியது புருஷனின் ஜம்பம்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

கேப்டன் திரும்பி வந்தபோது தகடு ஒரு பழந்துணிமேல் கிடந்தது.

"அது எனக்கு ஆபீஸ்ல கொடுத்தது" என்றார்.

"கொடுத்தவங்க கூரைல ஓட்டை போடச் சொல்லிக் கொடுத்தாங்களா?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் பக்கத்திலிருந்துதான் அவருக்கு எப்போதும் ஆதரவு வரும்.

"நான் கண்ணால பாத்தேன் அண்ணே" என்றாள் அவள். "உன் பேர்மேல ஊத்தினாத்தான் ஒழுகுது."

குழாய்த் தண்ணீரின் வேகத்தில் புது ஓட்டை விழுந்திருக்கும் என்று அவர் ஏதோ சப்பைக்கட்டுக் கட்டிப் பார்த்தார். டீச்சர் ஊறிய மரத்தைச் சுரண்டி எடுப்பதிலேயே குறியாக இருந்தாள். குழிகள் நன்றாகக் காயும்வரை வெயிலில் விட்டு, இரண்டு குப்பியைக் கலந்தால் கல்லாக இறுகும் பசையைக் குழைத்து நிரப்பி, மேலே தேய்த்துச் சமன் செய்தாள். தகட்டை மறுபடி கூரையில் வைக்க அவள் விடவில்லை. வேண்டுமானால் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்றாள்.

அதோடும் விட்டுவிடவில்லை. சன்னல்களில் அப்பிய சிலிக்கான் முழுவதையும் அவரே சுரண்டி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கேப்டன் குந்தி உட்கார்ந்து நாள்கணக்கில் சுரண்டினார். வழியில் போகிறவர்கள் விசாரித்தால், ஒழுக்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பாடமே எடுத்தார். "கீழேருந்து மேலே போகணும் சார். நாங்க அப்படித்தான் பிடிச்சோம்." உள்ளே இருந்த டீச்சருக்கு அந்த 'நாங்க' காதில் விழுந்தது. கையில் ஆணியைக் கொடுத்தால் கூரையைத் துளைக்கிறார், மற்றவர்களின் வேலையைக் கொடுத்தால் தன்னுடையது என்கிறார். இவரைத் திருத்த நினைப்பது வீண்வேலை என்று அவள் முடிவுக்கு வந்தாள். வெறுப்புகூட இல்லை. ஒப்புக்குப் பாஸ் போட்டு அனுப்பிவைக்கும் மாணவன்மேல் இருக்கும் இளக்காரம்தான் மிஞ்சியது.

நாத்தனார் ஊருக்குப் போன மறுநாள் மத்தியானம் வானம் கிழிந்ததுபோல மழை பிடித்துக்கொண்டது. டீச்சர் தன் படுக்கையில் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் படுக்கையில் கேப்டன் கூரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் கை தலையணையைத் தடவிப் பார்த்தது. காய்ந்திருந்தது.

"எங்கேயாவது சொட்டுதா?" என்று அவர் சன்னமாகக் கேட்டார்.

அவள் அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்தாள். அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக அவர் காத்திருந்தது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல்முறை என்று அவளுக்குத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு நிமிராமலே, "இல்ல" என்றாள்.