பொருநைக் கரையில் ஓர் ஒப்புதல்

பொதிகை முகடுகளைக் கருமுகில் மூடி மூன்று நாள் கழிந்த கார்த்திகைக் காலையில், கலங்கிச் சிவந்த பொருநையாகிய தாமிரபரணி, சீவலப்பேரிக்குக் கிழக்கே பரந்த வாழைத் தோட்டங்களின் அடி தழுவி, பகைவர் ஊரை நோட்டமிடும் படைபோல் ஓசையடக்கிச் சென்றுகொண்டிருந்ததைக் கற்றோராகிய தாங்கள் மனக்கண்ணில் காண்பீராக. கரைமேல் அமைந்த வாழை உழவர் கூட்டமைப்பின் அலுவலகத்தில், நீர்மட்டத்தை அளந்து உடனுக்குடன் உரைக்கும் கருவியின் திரைமுன் ஊழியரான ரீபா அமர்ந்திருந்தாள்.

மன்றாடி அதனை வாங்குவித்தவள் அவளே. தலைவர் கிருபைராஜ் மாலையிட்டு அதனைத் தொடங்கிவைத்தார். ஆயின் முதல் திங்களிலேயே அது ஒருமுறை பொய்யாக எச்சரிக்க, தொழிலாளர் வேலையை விட்டுக் கரையேறிவிடவே, வெகுண்ட அவர், தம் ஒப்புதலின்றி எச்சரிக்கை எவர்க்கும் செல்லலாகாது என ஆணையிட்டதோடு, கூட்டந்தோறும் அதனை ‘ரீபாவின் சோதிடப் பெட்டி’ என நகையாடியும் வந்தார். தலைவர் நகைக்க, ஊழியரும் நகைத்தனர்.

அன்று ஒன்பது மணிக்குத் திரை சிவந்தது. அரை மணியில் ஆற்றிடைத் திட்டு மூழ்கும் என்றது. அத்திட்டில் மூத்த தொழிலாளியான பெருமாள்ராஜும் வேறு அறுவரும் வாழைத்தார் வெட்டிக்கொண்டிருந்தனர். ஒப்புதல் வேண்டி ரீபா தலைவரைக் கைபேசியில் அழைத்தாள்.

“பைய பாப்போம்மா. போன தடவ மாதிரி ஆயிரப்படாது,” என்று அவர் பேச்சை முடித்துக்கொண்டார், பின்னர் ஐந்து முறை அழைத்தும் எடுத்திலர்.

ஆணையை மீறி அவள் பெருமாள்ராஜையே அழைத்தாள். அவர் சினக்கவில்லை, மகளிடம் பேசுவார்போல் கனிவாகவே பேசினார்.

“தலைவர் அண்ணாச்சி ஒரு வார்த்த சொல்லட்டும் தாயி, வந்துருதோம். அன்னைக்கு ஒம் பெட்டிய நம்பி ஏறுனதுக்கு வாங்குன ஏச்சு போதும்.”

அவள் கரைக்கு ஓடினாள். கைகளை வீசிக் கூவினாள். அதற்குள் பெருகி முழங்கிய வெள்ளம் அக்குரலை விழுங்கியது. திட்டு மூழ்க, அறுவர் மிதந்த வாழைகளைப் பற்றித் தப்பினர். பெருமாள்ராஜின் உடல் மறுநாள் கிடைத்தது.

இரங்கற் கூட்டத்தில் தலைவர் மெய்யாகவே அழுதார். இத்தகைய கருவிகள் இன்னும் பத்து வாங்கப்படும் என்றும் அறிவித்தார். அவை எவர் ஒப்புதலால் வாய் திறக்கும் என்று ரீபா உட்பட ஒருவரும் வினவவில்லை. தலைவரின் முகம் பார்த்தே நம்பவும் நம்பாதிருக்கவும் பழகியோர்க்கு, உண்மை எத்துணை விரைந்து வரினும், வந்துசேர்வதேயில்லை.