தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கோமதியம்மாள் சேலை முந்தானைக்குள் சுளகை மறைத்துக்கொண்டு பிரசவ வார்டுக்குள் வந்தபோது, முத்துவடிவு கட்டிலில் சாய்ந்தபடி கண்ணாடி டம்ளரில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். அரிசி புடைக்கிற சுளகு என்ன, மறைகிற சாமானா? முந்தானை ஒரு பக்கம் கூடாரமாய்த் தூக்கி நின்றது. அடுத்த கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மலையாளத்துக்காரி எங்கட்டி?" என்றாள் கோமதியம்மாள்.

நர்ஸ் ஏலியம்மா பிரசவ அறைக்குள் போயிருந்தாள். யாரோ ஒருத்தி வலி தாங்காமல் உள்ளே கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதைக்கு வரமாட்டாள் என்று முத்துவடிவு சொன்னாள். சொன்ன பிறகுதான், ஏன் சொன்னோம் என்று இருந்தது.

கோமதியம்மாள் புருஷனுடைய அக்கா. மதினி என்று கூப்பிட்டாலும் மாமியார் இல்லாத வீட்டில் மாமியாரும் அவள்தான். நேற்றுக் காலையில் முதல் பிள்ளை, ஆண்பிள்ளை, மூச்சு நின்று போனதிலிருந்து அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

இரட்டைப் பிள்ளைகள். ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டன. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் குற்றாலிங்கத்துக்கு எண்ணெய், சீயக்காய்க் கடை. அறுபத்திரண்டாம் வருடச் சீசன், கூட்டம் நெரித்தது. புருஷனுக்கு ஒத்தாசையாக நல்லெண்ணெய் அளந்துகொண்டிருந்த முத்துவடிவு, காலடி ஈரமானதை எண்ணெய் சிந்திவிட்டதென்றே நினைத்தாள். தென்காசி ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டும் கூட்டிலிருந்து விழுந்த அணில் குஞ்சுகள் மாதிரி இருந்தன. ஏலியம்மா, மருந்துப் புட்டிகள் வந்த மரப்பெட்டி ஒன்றில் பஞ்சை மெத்தையாகப் போட்டு, சுற்றிலும் வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் பொதிந்து வைத்து, மேலே ஒரு பல்பையும் எரியவிட்டு, அதற்குள் இரண்டையும் படுக்க வைத்தாள். பேனாவுக்கு மை ஊற்றுகிற பில்லரில் சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால். "வெளியில எடுக்கான் பாடில்லா, கேட்டோ. சூடு போயால் பிள்ளை போகும்" என்று வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னாள். மலையாளம்தான், ஆனால் வெளியே எடுக்கக் கூடாது என்பது யாருக்கும் புரியாத பேச்சு ஒன்றுமில்லை.

ஆண்பிள்ளையைச் சிற்றாற்றங்கரையில் புதைத்தார்கள். போனவர்கள் தலை முழுக வேண்டுமல்லவா? ஆற்றிலே முழுகினால் ஆகாதா? அருவி இவ்வளவு பக்கத்தில் இருக்க, ஆற்றில் முழுகுவானேன் என்று ஒருவருக்குத் தோன்ற, மொத்தப் பேரும் பஸ் ஏறி ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் துக்கம் கேட்க வார்டுக்கு வந்தபோது எல்லோருடைய முகமும் குளித்த குளியலில் பளபளவென்று இருந்தது. ஒருவர் கையில் மங்குஸ்தான் பொட்டலம். இந்த வருஷம் தண்ணி ஜோர் என்று அவர் குற்றாலிங்கத்திடம் ரகசியமாகச் சொன்னது முத்துவடிவு காதில் விழுந்தது. குற்றாலிங்கம் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் தலையும் ஈரமாகத்தான் இருந்தது.

அந்தக் குளியலில்தான் பேச்சு எழுந்திருக்க வேண்டும். இரட்டையில் போனவன் இருக்கிறவளைக் கூப்பிடாமல் விடமாட்டான். அதற்கு முன்னால் இவளை யாருடைய பிள்ளையும் இல்லையென்று ஆக்கிவிட வேண்டும். குப்பைமேட்டில் போட்டு, வேறொருத்தி எடுத்து, அவளிடம் பெற்றவளே தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். குப்பையில் கிடந்ததை எமன் தொடமாட்டானாம். எமனுக்கு அத்தனை சுத்தம் உண்டென்று இவர்களிடம் யார் வந்து சொன்னார்களோ.

முத்துவடிவு டம்ளரைக் கீழே வைத்தாள். "வெளிய சாரல் அடிக்கி மதினி. அது குளிரு தாங்காது."

"வெத்தலை போடுத நேரம்கூட ஆகாதுட்டி. என் மவன் பிச்சுமணி எப்பிடிப் பொழச்சு நின்னான்? இப்பிடித் தவிட்டுக்கு வாங்கித்தான் நின்னான். இப்பம் பாரு, வாச நிலையில தலை இடிக்காம வீட்டுக்குள்ள வர முடியல அவனால." கோமதியம்மாளின் குரல் உடைந்தது. "நாளைக்கு இதுவும் போயிருச்சின்னா, செய்யாம விட்டுட்டமேன்னு நீதான் கெடந்து அழுவ."

அது நடிப்பில்லை. மதினி அழுதாள். அதுதான் கேடு. நடிப்பாக இருந்தால் முத்துவடிவு கட்டிலை விட்டு இறங்கியிருக்க மாட்டாள். செய்யாமல் விட்டுப் போய்விட்டால்? அந்தக் கேள்வி ஒன்று போதும், பெற்றவளைக் குரங்காக ஆட்டிவைக்க. பெட்டிக்குள் பெண்பிள்ளை வாயைக் குவித்துக் குவித்து எதையோ தேடியது. நேற்றைவிட இன்று நன்றாகக் குடிக்கிறது என்று காலையில்தான் ஏலியம்மா சொல்லியிருந்தாள்.

கோமதியம்மாள் பிள்ளையைத் துணியோடு அள்ளிச் சுளகில் வைத்தாள். முத்துவடிவு பின்னாலேயே நடந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டுக்கு வெளியே, வராந்தாவிலிருந்து இறங்கினால் குப்பைமேடு. சாரலில் ஊறி அது ஒரு வாரமாக நாறிக்கொண்டிருந்தது. எச்சில் இலைகள், சுளை எடுத்துவிட்டுப் போட்ட பலாச்சடை, கறுத்துப்போன பஞ்சு, காயத்திலிருந்து அவிழ்த்த கட்டுத்துணி. மழை பெய்தும் ஈ அடங்கவில்லை. ஒரு நாய் வாயில் எதையோ கவ்விக்கொண்டு, இவர்களைப் பார்த்ததும் நாலு அடி தள்ளிப் போய் நின்றது. அது கவ்வியிருந்தது என்னவென்று முத்துவடிவு பார்க்கவில்லை. பார்க்கக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அங்கே குற்றாலிங்கம் குடையோடு காத்திருந்தான். பக்கத்தில் ஆஸ்பத்திரி கூட்டுகிற ஆவுடைத்தாய். மற்ற நாளில் அவள் நடந்த இடத்தில் சேலை படாமல் ஒதுங்கிப் போகிற கோமதியம்மாள், இன்று அவளைத் தாயே என்று கூப்பிட்டாள். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதையின் காலைப் பிடிக்கவும் கூசாத கூட்டம்.

சுளகைக் குப்பையின் மேல் வைத்தார்கள். பிள்ளை வானம் பார்த்துக் கிடக்க வேண்டுமாம்; குடை பிடிக்கக் கூடாது. குற்றாலிங்கம் குடையை அக்காளின் கையிலிருந்த தவிட்டுப் பைக்கு மேலே பிடித்தான். தவிடு நனையாமல் இருந்தது.

ஆவுடைத்தாய் பிள்ளையை எடுத்து, இது எனக்குக் குப்பையில் கிடைத்த பிள்ளை என்று சொன்னாள். உடனே கொடுத்துவிட்டால் எமன் நம்பமாட்டான்; பேரம் பேச வேண்டும். அவள் இந்தத் தவிடு பத்தாது என்றாள். கோமதியம்மாள் இந்தக் கறுப்புக் குட்டிக்கு இதுவே கூடுதல் என்றாள். மூக்கைப் பார், முழியைப் பார், ஒன்றுக்கும் உதவாத சரக்கு என்று இருவரும் மாற்றி மாற்றி இழித்தார்கள். முறையைத் தவறவிடக் கூடாதென்று ஆவுடைத்தாய் மறுபடி ஒரு தரம் பிள்ளையைச் சுளகில் வைத்து, மறுபடி எடுத்தாள். குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"போதும்" என்றாள் முத்துவடிவு. யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு தவிட்டை அவள் கையில் கொடுத்தார்கள். பெற்றவள் கையால்தான் கொடுக்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிவைத்த பழந்தவிடு. உள்ளங்கையில் ஒரு புழு நெளிந்தது. அவள் அதை ஆவுடைத்தாயின் மடியில் கொட்டினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"பிச்சம்மா. இனிமே இவ பேரு பிச்சம்மா" என்றாள் கோமதியம்மாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

முத்துவடிவு ஓடினாள். தையல் பிரிந்ததுபோல் அடிவயிறு சுண்டியது. பெட்டியில் போட்டு, பஞ்சை மூடி, புட்டிகளை நெருக்கி வைத்தாள். புட்டிகள் ஆறிப் போயிருந்தன. பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்ற நிறமாக மாறியிருந்தது. ஒரு பாதத்தில் பலாச்சடையின் நார் ஒட்டியிருந்தது.

ஏலியம்மா வந்து பார்த்தாள். நாரைக் கிள்ளி எடுத்தாள், அதை முகர்ந்தாள், முத்துவடிவின் கையிலிருந்த தவிட்டுத் தூளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வெந்நீர் வைக்க ஓடினாள். டாக்டரும் வந்தார். பல்பை இன்னும் இறக்கிக் கட்டினார்கள். பில்லரில் கொடுத்த பால் பிள்ளையின் வாயோரமாகவே வழிந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அது மூச்சுவிட மறந்தது, பிறகு நினைத்துக்கொண்டது, பிறகு ஒரேயடியாக மறந்துவிட்டது.

முத்துவடிவு அழவில்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மண்ணைப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்தால் தவிட்டு வீச்சம் அப்படியே இருந்தது. வார்டில் கோமதியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகைக்கு மற்றக் கட்டில்காரிகளும் அழுதார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் காரணம் தேடினாள். ஆவுடைத்தாய் பேரத்தை நீட்டியது தப்பு; தவிடு பழந்தவிடாக இருந்தது தப்பு.

"நம்ம பிள்ளையா இருந்தா நின்னிருக்கும்" என்றான் குற்றாலிங்கம். "அது நம்ம பிள்ளை இல்ல, வடிவு. விடு."

முத்துவடிவு அவனைப் பார்த்தாள். இவனோடு இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"என் பக்கத்துல வராதிய" என்றாள்.

மறுநாள் இரண்டாம் குழியையும் மூடிவிட்டு வந்தார்கள். யார் எங்கே முழுகினார்கள் என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகள் போனது மாருக்குத் தெரியவில்லை. பால் கட்டிக் கல்லாகக் கனத்தது. பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டுவது வழக்கம். கோமதியம்மாள் கடைத்தெருவிலிருந்து பெரிய பொட்டலமாக வாங்கி வந்து, தானே கட்டிவிடுகிறேன் என்று கையை நீட்டினாள். முத்துவடிவு பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி, ரவிக்கைக்குள் தானே அடைத்துக் கட்டிக்கொண்டாள்.

குற்றாலம் பஸ்ஸில் சீசன் கூட்டம். மதினியும் புருஷனும் பின்னால் நின்றார்கள். முத்துவடிவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் வெளியூர்ப் பெண் ஒருத்தி, மடியில் மாற்றுச் சேலையும் எண்ணெய்ப் புட்டியும். பஸ் கிளம்பியதும் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். முத்துவடிவின் தலையைப் பார்த்தாள். அங்கே பூ இல்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி இவள் பக்கமே சாய்ந்தாள்.

"மல்லியப்பூ என்னமா மணக்குது. எங்கக்கா வாங்குனீங்க?"

"தென்காசியில" என்றாள் முத்துவடிவு.

பூ நனைந்து, ரவிக்கை நனைந்து, ஈரம் மெல்ல இடுப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் ஆழமாக இழுத்து முகர்ந்தாள்.