விழமாட்டேன், பிடிக்கிறேன்

வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படி என்றார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய் திறக்கும்வரை வெளியே நில் என்றார்கள். வெளியே போனவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி கால் வைக்கவில்லை.

இப்போது அத்தையின் சலவைக்கடையில், பின்னறையில், விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இயந்திரத்திலிருந்து இழுத்துப் போடுகிறேன். அங்கே பேச்சுக்கு வேலையில்லை. ஆனாலும் எனக்குக் கடையின் முன்பக்கம் வேண்டும். அங்கே ஜன்னல் இருக்கிறது.

நடிப்பு வகுப்பில் சேர்த்துவிட்டது அத்தைதான். "வர்றவங்கள 'வாங்க'ன்னு கூப்பிடவாவது கத்துக்கிட்டு வா. இதையும் பாதியில விட்டுட்டு வந்து நின்னே, கவுன்டர் பக்கமே வரக்கூடாது. அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழு."

மாடியில் ஒரு நீளமான கூடம். பூனையாக நெளிந்தோம், காற்றாகச் சுழன்றோம். மரமாக நிற்கச் சொன்னால் எல்லாருக்கும் முன்னால் நான் நின்றுவிடுவேன். மரம் பேசாது, எனக்கு வசதி.

ஒரு நாள் மாஸ்டர் மெத்தைப் பாயை விரித்தார். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் சாய வேண்டும். பின்னால் நிற்பவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கல்லூரிப் பெண் சாய்ந்தாள். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே சாய்ந்தார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார், பருத்த உடம்பு, எல்லாரும் வைத்த பெயரே பீரோ. அவர் முறை வந்ததும் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"என்னை விடுங்க மாஸ்டர், கிரேனுக்குச் சொல்லியிருக்கேன்" என்று அவரே சிரித்தார். சிரிப்பு கண்வரை போகவில்லை.

"சரி, அப்புறம் பாத்துக்கலாம். நீ வாம்மா" என்று என்னைக் கூப்பிட்டார் மாஸ்டர்.

முதுகுக்குப் பின்னால் அத்தனை கைகள். யார் கை எங்கே படும் என்று எனக்குத் தெரியாது.

"நான் விழமாட்டேன்" என்றேன். அந்தக் கூடத்தில் நான் பேசிய முதல் வாக்கியம்.

"நம்பிக்கை இல்லாம நடிப்பு இல்லம்மா. விழாதவங்க இங்க இருக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"அவருக்கு மட்டும்?" பீரோவைக் காட்டினேன்.

"அவரைப் பிடிக்க ஆளில்லையே."

"நான் பிடிக்கிறேன்."

"நீயே ஹேங்கர் மாதிரி இருக்கே!" என்றாள் கல்லூரிப் பெண். கூடமே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"விழறியா, கிளம்புறியா?"

திறந்த கதவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு முதுகைக் காட்டிவிட்டு பீரோவின் பின்னால் போய் நின்றேன்.

"சாயுங்கண்ணே."

"பாப்பா, வேணாம். பேப்பர்ல போட்டோ வந்துரும்."

"சாயுங்க."

ஈர விரிப்பு மூட்டையைக் கை நீட்டி வாங்கினால் இடுப்பு போய்விடும். ஒட்டி நின்று, மார்போடு வாங்கி, முழங்காலை மடக்க வேண்டும். அவர் சாய்ந்தபோது அப்படித்தான் வாங்கினேன். கனம் என்னையும் கீழே அழுத்தியது. சறுக்கிச் சறுக்கி இருவரும் பாயில் உட்கார்ந்தோம். அவர் தலை என் தோளில் இருந்தது.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"விழுந்துட்டோமா?"

"உக்காந்துட்டோம்."

மாஸ்டரின் முகம் இளகிவிட்டது. "சரி போ, நீயும் கீழ வந்துட்டே. விழுந்ததாவே வச்சுக்கறேன்."

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"வேண்டாம் மாஸ்டர். இது பிடிச்சது, விழுந்தது இல்ல." குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். "விழணும்னு எனக்குத் தோணுற அன்னைக்கு நானே சொல்றேன். அதுவரைக்கும் பிடிக்கிறேன். அடுத்த வாரமும் வருவேன்."

கதவு திறந்தபடியே இருந்தது. எழுந்து அதை நோக்கி நடந்தேன்.

"ஏய் பாப்பா, போகாத!" என்றார் பீரோ.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். திரும்பி வந்து, பாயின் பின்பக்கம் கால்களை அகட்டி நின்றேன்.

"அடுத்து யாரு?" என்றேன். "வாங்க."