எந்த பாஸ்?

மெய்யப்பனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் என் சாப்பாட்டுக் கடைக்கு நாலு கடை தள்ளி அவருடைய துணிக்கடை. கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு கறுப்பு நாய் வளர்க்கிறார். அதற்குக் கயிறு கிடையாது. தினமும் நடைபாதையில் அது முன்னே போகும், அவர் கைவீசிக்கொண்டு பின்னே வருவார். யாராவது பயந்து ஒதுங்கினால், "கடிக்காது லா" என்று ஒரு சிரிப்பு வேறு. நாய்க்கு அவர் வைத்த பெயர் பாஸ். முன்பின் தெரியாத ஆளையெல்லாம் பாஸ் என்று கூப்பிடும் ஊரில், நாய்க்கு வைக்க வேறு பெயரா கிடைக்கவில்லை?

செவ்வாய்க்கிழமை காலையில் வினை வந்தது. அசாருதீன் என் கடை ஊழியன், ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவன். டீத்தட்டோடு வெளி மேசைக்குப் போனவன், வழியை அடைத்து நின்ற ஒருவரிடம், "பாஸ், கொஞ்சம் தள்ளுங்க" என்றான். பெயரைக் கேட்டதும் நாய் பாய்ந்து வந்தது. தட்டு பறந்தது. பயந்துபோய் அவன் கையை ஓங்க, முழங்கைக்குக் கீழே கவ்விவிட்டது.

"பேர் சொல்லிக் கூப்பிட்டா வராதா? அவன்தானே கூப்பிட்டான்!" என்று கத்தினார் மெய்யப்பன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

கிளினிக்கில் டாக்டர் காயத்தைக் கழுவிவிட்டு, நாய்க்கு வெறிநோய் ஊசி போட்ட அட்டையைக் கேட்டார். அதைப் பார்த்துத்தான் இவனுக்கு என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டுமாம். அசாருதீனின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, எங்க ஊர்ல நாய் கடிச்சு ஒருத்தர் செத்ததை நான் கண்ணால பாத்திருக்கேன்" என்றான்.

நேராக மெய்யப்பன் கடைக்குப் போய் நாயின் ஊசி அட்டையைக் கேட்டேன்.

"எந்த நாய் மலர்? அது தெரு நாய் லா. ரெண்டு நாள் சோறு போட்டேன், பின்னாலயே சுத்துது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்!

"தெரு நாயா? சரிண்ணே" என்று சொல்லி, அவர் எதிரிலேயே மாநகர் மன்றத்துக்குப் போன் போட்டேன்.

மதியமே நாய் பிடிக்கும் லோரி வந்தது. சுருக்குக் கம்போடு இறங்கியவர், "யார் நாய்?" என்று கேட்டார்.

"தெரு நாய்" என்றேன். மெய்யப்பன் கல்லாவுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டார். கம்பு நீண்டது. நாய் துணிக்கடைப் படியை விட்டு நகரவில்லை, வாலை ஆட்டியது. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சுருக்கு கழுத்தருகே போனபோது உள்ளேயிருந்து அலறல் வந்தது. "பாஸ்! பாஸ்!"

கம்புக்காரர் திரும்பிப் பார்த்து, "என்ன பாஸ்?" என்றார். நாய் ஓடிப்போய் மெய்யப்பன் காலுக்கிடையில் பதுங்கியது.

"எந்த பாஸைக் கூப்பிட்டீங்கண்ணே?" என்றேன்.

"என் நாய்தான்" என்றார்.

"அப்ப அட்டையை எடுங்க."

அவர் மேசை இழுப்பறையைத் திறக்கவில்லை. நாயின் தலையில் கை வைத்தபடி நின்றார்.

"அட்டை இல்ல மலர். ஒரு ஊசியும் போட்டதில்ல. வீட்டு நாய்தானேன்னு விட்டுட்டேன்."

கட்டுப்போட்ட கையோடு அசாருதீன் என் பக்கத்தில்தான் நின்றான்.

"அதை என்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். "இவன் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."