மயிலின் பியானோக்காரர்

எல்லாரும் அவனை மயில் என்றுதான் சொல்வார்கள். மேடையேறினால் விரலுக்கு விரல் மோதிரம், தோளிலிருந்து தரையைக் கூட்டும் இறகு அங்கி, கண்ணில் நீல மை. பாட்டு பாதி, கேலிப் பேச்சு பாதி. முன்வரிசைப் பெண்களைப் பார்த்து அவன் கண்ணடித்தால் அரங்கம் இரண்டுபடும். அவனுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத இடத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தவரை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மயில் குடும்பம் நடத்தியது அவரோடுதான் என்பதும் வெளியே யாருக்கும் தெரியாது.

பியானோக்காரரின் அக்காவுக்குத் தெரியும். தம்பி சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. மயில் வந்தால் மாடி அறையில் இன்னொரு தலையணையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மயில் இறந்தபோது சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். பியானோக்காரர் வாத்தியக்காரர்களோடு வாசலில் நின்றார். வீட்டுக்கு வந்துதான் அழ முடிந்தது.

சில வருடங்கள் கழித்து, மயிலின் வாழ்க்கையைப் படமாக எடுக்கப் போவதாக ஒரு பெண் இயக்குநர் வந்தாள். பியானோக்காரர் முதலில் அவளை வாசலோடு அனுப்பிவிட்டார். அக்காதான் விடவில்லை.

"எத்தனை காலத்துக்குடா நெஞ்சுக்குள்ளயே பூட்டி வெச்சிருப்ப? அவரே போய்ச் சேந்துட்டாரு. இனிமே யாருக்குப் பயப்படற? சொல்லித் தொலை."

சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் சொன்னார். முதல் சந்திப்பு, சண்டைகள், ஒரே விடுதியில் தனித்தனி அறை எடுத்த நாடகம், யாராவது வந்தால் கதவை மெல்லத் தட்டி எச்சரித்த, மேடைக்கு விளக்குப் போடும் லைட்காரர் வரை ஒன்று விடவில்லை. "இது உங்க கதை சார், உங்க கண்ணு வழியாத்தான் எடுப்பேன்" என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. மேடைக்குக் கிளம்பும் முன் மயில் அவர் தோளில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். "இந்த வேஷத்துக்குள்ள யாரு இருக்கான்னு உனக்கு மட்டும்தான் தெரியும்" என்பான். அதைப் படக்காரிக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

படம் முடிந்ததும் சிறிய அரங்கு ஒன்றில் நெருங்கியவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அக்காவும் வந்தாள். "உன் வேஷத்துல நடிக்கறவனுக்கு உன்னவிட முடி ஜாஸ்தி" என்று காதில் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். திரையில் தன்னையும் மயிலையும் பார்க்கப் பார்க்க, சுமந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது.

பாதிக்கு மேல் ஒரு காட்சி வந்தது. நிகழ்ச்சி தொடங்கப் போகிறது. மேடைக்கு எதிரே, உயரத்தில் இருக்கும் விளக்கு அறைக்கு மயில் இரும்புப் படியேறிப் போகிறான். அங்கே லைட்காரர். மயில் அவர் தோளில் நெற்றியைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறான்.

"இந்த வேஷத்துக்குள்ள யாரு இருக்கான்னு உனக்கு மட்டும்தான் தெரியும்."

பியானோக்காரர் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. கட்டுக்கதை என்று தள்ளிவிட வழியில்லை. அந்த வார்த்தையைக் கட்ட எந்த எழுத்தாளனாலும் முடியாது. அதன்பின் திரையில் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியாது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும், அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று இயக்குநரைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "லைட்காரரே வந்து சொன்னாரு சார். உங்ககிட்ட முன்கூட்டியே சொல்லியிருந்தா நீங்க பேசறத நிறுத்திருப்பீங்க."

லைட்காரர் கடைசி வரிசையிலிருந்து வந்து சுவரோரமாக நின்றார். ஒரே வண்டியில் ஊர் ஊராகப் போனவர்; ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்.

"நீ அவன்கூடச் சேர்ந்தப்பவே என்னைப் பத்தி உனக்குத் தெரியுமா?" என்று பியானோக்காரர் கேட்டார்.

"முதல்லேர்ந்தே."

"தெரிஞ்சுதான் எங்களுக்குக் காவல் நின்னியா?"

"அவரு நிக்கச் சொன்னாரு. மாட்டேன்னு சொல்ல முடியல." லைட்காரர் குரலைத் தாழ்த்தினார். "பியானோக்காரன விட்டுட மாட்டேன்னு என்கிட்டயே சொல்லுவாரு. நானும் பொறுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அவன்கிட்ட சண்டை போட வழியில்ல, செத்துட்டான். நீ உயிரோட இருக்க. என் மூஞ்சில முழிக்காத."

படம் சக்கைப்போடு போட்டது. கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்து, எப்பேர்ப்பட்ட காதல் என்று உருகினார்கள். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். வீட்டில் பியானோவின் மூடி திறக்கப்படவில்லை. மயிலைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும்போல வந்தபோதெல்லாம், அவனை அப்படி அறிந்த இன்னொரு ஆள் ஒருவர்தான் என்பது நினைவுக்கு வந்து வாயை அடைத்தது.

மழைக்காலத்தில் லைட்காரர் படுத்த படுக்கையாகிவிட்டார். ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். அக்கா தம்பியின் வெளுத்த சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டி வைத்தாள்.

"போயிட்டு வாடா. அந்த மனுஷனும் உன்ன மாதிரிதானே ஏமாந்தான்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானெல்லாம் மாட்டி, வாசல்வரை போனார். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார்.

"என்னால ஆகாதுக்கா" என்றார்.

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.